முதலாளி செய்த உதவிக்கு ராத்திரி வாட்ஸ்அப்தான் வட்டியா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரைக் கப்பல் ஏறும்வரை பின்தொடர்பவனாக, இருக்கிறேன். வயது 31. காலை 9.30க்குப் போனால் இரவு 8 மணிக்குத்தான் கிளம்ப முடியும். அதற்குப் பிறகும் சரக்கு வாங்கும் ஜெர்மனி பையரின் மெயில், முதலாளி அண்ணாவின் வாய்ஸ் மெசேஜ் என்று 11 மணி வரை ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமையும் இதே கதைதான். மனைவி சலித்துப்போய்ப் பேசுவதையே குறைத்துவிட்டாள். எதிர்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவின் ஆபரேஷனுக்கு அண்ணாதான் 80,000 ரூபாய் கொடுத்தார். மாதம் 4,000 சம்பளத்தில் பிடிக்கிறார். நன்றி கெட்டவன் என்று ஆகிவிடுமோ?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தம்பி, கடைசியில் எழுதியிருப்பதிலிருந்தே தொடங்குகிறேன். மாதம் 4,000 பிடித்தால் 20 மாதத்தில் 80,000 அடைந்துவிடும். அது அட்வான்ஸ். ஆபத்து நேரத்தில் கொடுத்தார், நல்ல மனிதர்தான், மறக்க வேண்டாம். ஆனால் அந்தக் கடனைச் சம்பளத்திலும் கட்டி, தூக்கத்திலும் கட்டுகிறீர்கள். இரண்டாவதை அவர் கேட்டாரா, நீங்களாகவே கொடுக்கிறீர்களா? எனக்கென்னவோ பாதிக்கு மேல் நீங்களாகக் கொடுப்பதாகத்தான் தோன்றுகிறது.

நீங்கள் எழுதிய நேரத்தைக் கூட்டினால், மதியச் சாப்பாட்டுக்குத் தினம் ஒரு மணி நேரம் கழித்த பிறகும் ஆறு நாளைக்கு 57 மணி நேரம் வருகிறது, ராத்திரி வாட்ஸ்அப் இல்லாமலே. வாரத்துக்கு 48 என்பதுதான் நம் சட்டங்களில் உள்ள வழக்கமான வரம்பு. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்கு, 35-40 மணி நேரம் பார்ப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொல்லியிருக்கின்றன. சட்டத்தைக் காட்டி அண்ணாவிடம் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. அது உங்கள் ஊரில் எடுபடாது என்பது உங்களுக்கே தெரியும்.

முதலில் பையரைப் பார்ப்போம், அதுதான் சுலபம். ஜெர்மனியில் மாலை 5 மணி என்றால் நமக்கு வெயில் காலத்தில் 8.30, குளிர்காலத்தில் 9.30. அவர் கிளம்பும் முன் மேஜையைக் காலி செய்ய மெயிலைத் தட்டிவிட்டுப் போகிறார். மறுநாள் காலை 9 மணிக்கு அவர் வந்து உட்காரும்போது நமக்கு மதியம் 12.30 அல்லது 1.30. லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணி) அப்ரூவலோ, அளவு திருத்தமோ, நீங்கள் காலை 11 மணிக்குப் பதில் போட்டாலும் அவர் திறக்கும்போது அது அங்கே இருக்கும். இன்னொன்று, ஒரு நாள் வேலை முடிந்தால் அடுத்த வேலைக்கு முன் 11 மணி நேர ஓய்வு என்பது அந்த ஊர்ச் சட்டம். அந்த வழக்கத்தில் வளர்ந்தவர் உங்கள் ராத்திரி 10.40 பதிலுக்காக விழித்துக்கொண்டிருக்க மாட்டார்.

அண்ணா விஷயம் வேறு. ராத்திரி வாய்ஸ் மெசேஜ் அனுப்பும் முதலாளிக்குப் பெரும்பாலும் வேலை ஆக வேண்டியதில்லை, பயம் தணிய வேண்டும். சரக்கு கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்பும் செலவு அவர் தலையில். அதனால் தினமும் 7.45க்கு நீங்களே ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள்: எந்த ஸ்டைல் தையலில் இருக்கிறது, எத்தனை பீஸ் பேக்கிங் முடிந்தது, டையிங்கிலிருந்து எது வரவில்லை. கேள்வி வருவதற்கு முன் பதில் போய்விட்டால் பாதி மெசேஜ் தானாக நின்றுவிடும்.

ஒரு வாரம் அப்படி ஓடட்டும். அப்புறம் நேரில், அவர் டீ குடிக்கும் நேரமாகப் பார்த்து, “அண்ணா, ராத்திரி அவசரம்னா போன் பண்ணுங்க, எத்தனை மணியானாலும் எடுப்பேன். மெசேஜைக் காலையில பாத்துச் சொல்லிடறேன்” என்று சொல்லுங்கள். காரணம் அடுக்க வேண்டாம், மனைவியின் கோபத்தை இழுக்கவே வேண்டாம். இன்ஸ்பெக்ஷன் ஃபெயில், தூத்துக்குடியில் கன்டெய்னர் நிற்கிறது என்றால் அவர் போன்தான் செய்வார். நீங்களும் உடனே எடுக்க வேண்டும். அந்த வாக்கில் தவறினால் மற்றதும் போய்விடும்.

முதல் சில நாள் நீலக் குறியைப் பார்த்துக் கை பரபரக்கும். போனை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டு மனைவியோடு சாப்பிட உட்காருங்கள். “என்னப்பா, பெரிய ஆளாயிட்டியா?” என்று அண்ணா ஒருமுறை கேட்கலாம். சிரித்துவிட்டு, கேட்ட விவரத்தைச் சொல்லுங்கள், மன்னிப்புக் கேட்காதீர்கள்.

ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில் இதெல்லாம் தளரும், தளரட்டும். ஆனால் மூன்று மாதம் கழித்தும் ஒன்றும் மாறாவிட்டால், அட்வான்ஸில் எவ்வளவு பாக்கி என்று கணக்குப் பாருங்கள். அதை அடைத்துவிட்டு வேறு கம்பெனியில் பேசுங்கள். ஷிப்மென்ட்டைக் கையாளத் தெரிந்த மெர்ச்சண்டைசருக்குத் திருப்பூரில் இருப்பது ஒரே ஒரு கதவு அல்ல.