கதிர்காமம் போய் வருவதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது: வழக்குப் போடலாமா?

கேள்வி: நானும் மனைவியும் 72 வயது அம்மாவும் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் இலங்கை போனோம். அம்பாந்தோட்டையில் ஒரு பகல் நிறுத்தம். அம்மா கப்பலிலேயே இருந்துவிட்டார். நாங்கள் இருவரும் துறைமுக வாசலில் வேன் பிடித்துக் கதிர்காமம் போனோம். பூஜை முடியும்வரை நின்றோம், திரும்பும்போது டயர் பஞ்சர். மாலை 4.50-க்கு வந்து சேர்ந்தோம். கப்பல் கிளம்பும் நேரம் 5.30 என்று போட்டிருந்தும் ஏணியை எடுத்துவிட்டார்கள். சென்னையில் ஏறும்போது வாங்கி வைத்துக்கொண்ட எங்கள் பாஸ்போர்ட்டுகளும் கப்பலோடு போய்விட்டன. அவசரச் சான்றிதழ் வாங்கும்வரை 2 இரவு விடுதியில் தங்கி, கொழும்பிலிருந்து விமானத்தில் வந்தோம். நாங்கள் எங்கே என்று அம்மாவுக்கு மறுநாள் காலைதான் சொல்லியிருக்கிறார்கள். எதுவும் தர முடியாது, வழக்கென்றால் மும்பையில்தான் என்கிறது நிறுவனம். என்ன செய்யலாம்?

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் ‘கப்பல் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை’ என்று மனுவை ஆரம்பிக்காதீர்கள். அந்த இடத்தில் நீங்கள் தோற்பீர்கள்.

அறையில் தந்த அன்றைய நிகழ்ச்சித் தாளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதில் 2 நேரங்கள் இருக்கும். கப்பல் கிளம்பும் நேரம் ஒன்று, பயணிகள் எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் இன்னொன்று. உங்களைக் கட்டுப்படுத்துவது இரண்டாவதுதான். தலை எண்ணிக்கை, குடிவரவுக் கணக்கு, துறைமுக வழிகாட்டி மாலுமி வந்து ஏறுவது எல்லாம் அந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. தாளில் 4.30 என்று இருந்தால் 4.50-க்கு வந்த நீங்கள் தாமதம்தான். கடிகாரக் குழப்பம் என்றும் சொல்ல வழியில்லை, இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். ஆனால் அந்தத் தாளில் 5.30 மட்டுமே இருந்தால் கதையே வேறு. அதைப் பத்திரப்படுத்துங்கள்.

வேன் விஷயத்தையும் முடித்துவிடலாம். கப்பலே ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போய்த் தாமதமாகியிருந்தால் பொறுப்பு அவர்கள் தலையில் விழுந்திருக்கும். நீங்களாகப் பிடித்த வண்டி என்பதால் பஞ்சர் உங்கள் கணக்கு. ஓட்டுநர் மீது இலங்கையில் வழக்கு என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

உங்கள் பலம் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. ஒருவர் பொருளை இன்னொருவர் வாங்கி வைத்துக்கொண்டால், தன் பொருளைப் போலவே கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 151-வது பிரிவு. அதுவும் இது சாதாரணப் பொருள் அல்ல. பாஸ்போர்ட் சட்டம், 1967-ன் 17-வது பிரிவின்படி அது மத்திய அரசின் சொத்து. கப்பலில் தந்த பயணி அட்டையைத் தேய்த்துத்தான் இறங்குகிறோம், ஏறுகிறோம். ஆக, 2 பேர் கரையில் நிற்கிறார்கள் என்பது ஏணியை எடுக்கும்போதே அவர்களுக்குத் தெரியும். பயணி வராவிட்டால் அவருடைய பாஸ்போர்ட்டை எடுத்துத் துறைமுக முகவரிடம் (கரையில் கப்பல் நிறுவனத்தின் வேலைகளைப் பார்ப்பவர்) கொடுத்துவிட்டுக் கிளம்புவது பல கப்பல்களில் வழக்கம். தெரிந்தும் அதைக் கடலுக்குள் கொண்டுபோனது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சொல்லும் சேவைக் குறைபாடு என்பது என் கருத்து.

இப்போது பணத்தைப் பிரித்துப் பாருங்கள். பாஸ்போர்ட் கையில் இருந்திருந்தாலும் நீங்கள் விமானம் ஏறித்தான் வந்திருக்க வேண்டும். அதனால் டிக்கெட் காசைக் கேட்டால் கிடைப்பது கஷ்டம். விடுதி, சான்றிதழ்க் கட்டணம், அதற்காக அலைந்த வண்டிச் செலவு, மன உளைச்சல், இவை நேராகப் பாஸ்போர்ட்டிலிருந்து வந்தவை. அவற்றை அழுத்திக் கேளுங்கள். அம்பாந்தோட்டையிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கும்போது ஏன் 2 இரவு ஆனது என்று எதிர்த்தரப்பு கேட்கும். எங்கே போனீர்கள், எப்போது விண்ணப்பித்தீர்கள், எப்போது கிடைத்தது என்பதற்குத் தாள் வேண்டும். முகவர் எண்ணுக்குப் போன் செய்தீர்களா என்றும் கேட்பார்கள். அழைப்புப் பட்டியலை எடுத்து வையுங்கள்.

அம்மாவையும் மனுதாரராகச் சேருங்கள். அவரும் பணம் கட்டிய பயணிதான், அவர் எந்தத் தாமதமும் செய்யவில்லை. மகனும் மருமகளும் எங்கே என்று தெரியாமல் ஓர் இரவு முழுக்க அவரை விட்டதற்கு நிறுவனத்திடம் என்ன பதில் இருக்கிறது? உங்கள் தாமதத்தின் நிழல்கூட விழாத பகுதி இது ஒன்றுதான். அவருடைய வாக்குமூலத்தை இப்போதே எழுதி வாங்குங்கள்.

மும்பை மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். மனுதாரர் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவு சொல்கிறது. சீட்டில் மும்பை என்று அச்சடித்து வைத்ததற்காகச் சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடிக்கொள்ளாது. கட்டிய கட்டணம் 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம் போதும், 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமும் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம், எங்கள் தொழிலுக்கு நல்லதில்லைதான். ‘பாதியில் விட்டால் பணம் திரும்பாது’ என்ற நிபந்தனையை நியாயமற்ற ஒப்பந்தம் என்று ரத்து செய்யக் கேட்பதானால் மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். இந்த வழக்கில் அந்தச் சண்டை வேண்டாம்.

பயணக் காப்பீடு இருந்தால் அதையும் ஒரு கை பாருங்கள். தாமதம் உங்களுடையது என்று மறுக்க வாய்ப்பு அதிகம்.

முதல் வேலையாக, ஏணிப் பதிவுகளையும் கேமரா காட்சிகளையும் அழிக்காமல் வைக்கச் சொல்லி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். காட்சிகள் அதிக நாள் தங்காது. அப்புறம் 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். சம்பவ நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு தாக்கலாகியிருக்க வேண்டும். சமாதானப் பேச்சு நடக்கிறது என்று நம்பி அந்தத் தேதியைத் தவறவிட்டால், தாமதத்துக்கான காரணத்தை ஆணையம் ஏற்றுக்கொண்டால்தான் உண்டு.