ஓடும்போதே நின்று, பிறகு தானாகவே கிளம்பும் காரை விற்றுவிடலாமா?

கேள்வி இதுதான்: ஏழு வயதான பெட்ரோல் கார். ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. மெக்கானிக் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பாகத்தை மாற்றுகிறார், கோளாறு மட்டும் போகவில்லை. இன்னும் செலவு செய்யலாமா, விற்றுவிடலாமா?

விற்கிற முடிவைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். என்ன கோளாறு என்றே தெரியாத காருக்கு அடிமாட்டு விலைதான் கிடைக்கும். மறைத்து விற்றாலோ, நடுச்சாலையில் நிற்கும் வண்டியை இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டியவர் ஆவீர்கள். கோளாறு இன்னது என்று தெரிந்த பிறகு விற்றாலும் வைத்துக்கொண்டாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இப்போது போடுகிற கணக்கு வெறும் எரிச்சலில் போடுவது.

இதே கோளாறு என் பழைய காரிலும் இருந்தது. பெட்ரோல் பம்ப், பில்டர், ஸ்பார்க் பிளக், பிறகு பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் என்று வரிசையாக மாற்றினார்கள். ஒவ்வொன்றை மாற்றியதும் கார் சில நாட்கள் ஒழுங்காக ஓடும்; பட்டறையில் எல்லோர் முகத்திலும் வெற்றிக் களை தெரியும். பிறகு ஒரு மதியம் மறுபடியும் நிற்கும். குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதைதான். வந்து வந்து போகும் கோளாறில் உள்ள வில்லங்கமே இது: எதை மாற்றினாலும் கொஞ்ச நாளைக்குப் பலன் கிடைத்ததுபோலவே தோன்றும்.

கடைசியில் அதைக் கண்டுபிடித்தவர், கார் நின்ற இடத்துக்கே வந்த ஒரு வயதான மெக்கானிக். என்னை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, பானட்டுக்குள் குனியாமல் ஜன்னல் வழியாக டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டார்ட்டர் என்ஜினைச் சுழற்றிக்கொண்டிருந்தது, என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள்ளோ பூஜ்யத்தைவிட்டு அசையவில்லை. அந்தக் காரில் மற்ற நேரங்களில் ஸ்டார்ட் செய்யும்போது முள் 200, 300 வரை லேசாகத் துள்ளும். "என்ஜின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை, தம்பி" என்றார். ஒரு துணியை நனைத்து, என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் செருகியிருந்த விரல் அளவு சென்சார் மேல் சுற்றினார். கொஞ்சம் பொறுத்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். முதல் திருப்பிலேயே கிளம்பியது.

அதுதான் கிராங்க் ஷாஃப்ட் சென்சார். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் எந்தக் கோணத்தில் நிற்கிறது, எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதை என்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது அதன் வேலை. பல கார்களில் அதற்குள் காந்தமும் மெல்லிய கம்பிச் சுருளும் இருக்கும். வருடக்கணக்கில் என்ஜின் சூட்டில் வெந்த பிறகு, சூடேறும்போது அந்தச் சுருளில் தொடர்பு விட்டுப்போகிறது. ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. தகவல் வராவிட்டால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் தெளிக்காது, தீப்பொறியையும் கொடுக்காது. அரை மணி நேரம் காத்திருந்தால் கார் கிளம்புவதன் ரகசியம் இவ்வளவுதான். ஆறிய காரைப் பட்டறைக்கு ஓட்டிச் சென்றால் அங்கே எல்லாம் சரியாக இருக்கும். மெக்கானிக் பொய் சொல்வதில்லை; அவர் கண்முன்னே கோளாறு இல்லை.

உங்கள் காரிலும் இதுவேதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. எது என்று பிரித்தறிய வழி இருக்கிறது. சென்சார் போனால் யாரோ சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் என்ஜின் சட்டென்று நிற்கும். பெட்ரோல் பம்ப் தளர்ந்தால் அப்படி இருக்காது: முதலில் இழுவை குறையும், வண்டி குலுங்கும், மேட்டில் திணறும், பிறகுதான் நிற்கும். பம்ப் என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. சாவியை ஸ்டார்ட்டுக்கு முந்தைய நிலையில் வைத்ததும் பின் சீட்டுப் பக்கத்திலிருந்து ஓரிரு விநாடிகள் மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். நின்ற நேரத்தில் அது கேட்கவில்லை என்றால் பம்ப், அதற்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான ரிலே, பியூஸ் பக்கம் சந்தேகம் போகலாம். டாங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது மட்டும் நிற்கிறதா என்றும் கவனியுங்கள். டாங்குக்குள் மூழ்கியிருக்கும் பம்பைக் குளிரவைப்பதே பெட்ரோல்தான். எல்லோருடைய டாஷ்போர்டு முள்ளும் நான் சொன்னபடி துள்ளாது. அப்படியானால் கார் கம்ப்யூட்டரில் உள்ளதைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, ஸ்டார்ட் செய்யும்போது ஆர்.பி.எம். எண் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

காரணம் தெரியும்வரை வேகச் சாலைகளில் ஓட்டாதீர்கள். ஓடும்போது என்ஜின் நின்றால் ஸ்டியரிங் கனத்துவிடும், ஆனால் திரும்பும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஓரிரு அழுத்தங்களுக்குத்தான் மிச்சம் இருக்கும். ஆகவே விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி ஓரம் கட்டுங்கள். பதற்றத்தில் சாவியை முழுவதுமாகத் திருப்பி உருவிவிடக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். நின்ற பிறகு ஹசார்டு விளக்கைப் போட்டுவிட்டு, எல்லோரும் இறங்கிச் சாலையைவிட்டு விலகி நில்லுங்கள். காருக்குள் உட்கார்ந்து போன் பேசுவது மகா ஆபத்து.

சாவி என்றதும் நினைவுக்கு வருகிறது. 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 26 லட்சம் சிறிய கார்களைத் திரும்ப அழைத்தது. இக்னிஷன் சுவிட்சின் பிடிமானம் போதாமல், கனமான சாவிக்கொத்தின் எடையிலோ முழங்கால் இடித்தோ, ஓடும்போதே சாவி பின்னால் நழுவி என்ஜின் அணைந்தது. கூடவே ஏர்பேக்கும் செயலிழந்தது. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. அந்தச் சின்ன சுவிட்ச் குறைபாட்டை நிறுவனத்துக்குள் சிலர் பல வருடங்களாக அறிந்திருந்தார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். ஆகவே பட்டறைக்குப் போவதற்கு முன், உங்கள் காரின் 17 இலக்க அடையாள எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, திரும்ப அழைப்பு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வேலையைப் பொதுவாக இலவசமாகவே செய்து கொடுப்பார்கள். சாவிக்கொத்தில் தொங்கும் மற்றவற்றையும் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது குறிப்பு எழுதுவது. சலிப்பான வேலைதான், ஆனால் நீங்கள் மாற்றிய எந்தப் பாகத்தையும்விட இது பயன் தரும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் எழுதுங்கள்: எவ்வளவு நேரம் ஓடிய பிறகு நின்றது, மழையா வெயிலா, ஏ.சி. ஓடியதா, டாங்கில் எவ்வளவு இருந்தது, திணறி நின்றதா சட்டென்று நின்றதா, விளக்குகள் மங்கினவா, எவ்வளவு நேரத்தில் மறுபடி கிளம்பியது. பக்கத்தில் யாராவது இருந்தால் டாஷ்போர்டை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். சில பதிவுகளுக்குள் ஒரு ஒழுங்கு தெரியவரும். சூட்டில் மட்டும் என்றால் சென்சார் அல்லது ரிலே. மழையில் மட்டும் என்றால் காயில், ஒயர் இணைப்பு. குழியில் குலுங்கும்போது மட்டும் என்றால் எங்கோ தளர்ந்த கனெக்டர்.

பட்டறையில் பேசுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. "பம்ப் போய்விட்டது, மாற்றிக் கொடுங்கள்" என்று சொன்னால் மாற்றித்தான் கொடுப்பார்கள்; கோளாறு தொடர்ந்தால் கேட்க உங்களுக்கு வாய் இருக்காது. என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள், நோயை நீங்களே கணிக்காதீர்கள். எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன், "இது கெட்டுப்போனது என்று எந்தச் சோதனையில் தெரிந்தது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், காட்டுவார். "இந்த மாடலில் வழக்கமாக இதுதான் போகும்" என்பது சோதனை அல்ல, அனுபவம். அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் அது ஒரு முறைக்குத்தான். மாற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் மூன்றை மாற்ற விடாதீர்கள். சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

ஸ்கேனரில் வரும் கோளாறு எண்ணை வேத வாக்காக எடுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த எண் பாகத்தின் பெயரைச் சொல்வதில்லை, எங்கே தேட வேண்டும் என்று சொல்கிறது. பி0171 என்று வந்தால் என்ஜினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். காற்றுக் குழாயில் வெடிப்பு, அழுக்கேறிய காற்று அளவுச் சென்சார், தளர்ந்த பம்ப், இதில் எதுவானாலும் அதே எண்தான் வரும். பி0335 என்றால் கிராங்க் சென்சாரின் மின்சுற்று. சென்சாருக்குப் பதிலாக அதன் ஒயர்கூட அறுந்திருக்கலாம். சூட்டில் மட்டும் வந்துபோகும் கோளாறு பல நேரம் எந்த எண்ணையும் விட்டுச்செல்வதில்லை. எண் வந்திருந்தால், கோளாறு பதிவான கணத்தில் வேகம், ஆர்.பி.எம்., கூலன்ட் வெப்பம் என்ன என்பதையும் கம்ப்யூட்டர் சேர்த்தே வைத்திருக்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளாமல் யாரையும் அழிக்க விடாதீர்கள். "பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும்" என்கிறவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள். பல கார்களில் அந்தப் பதிவு அதோடு போய்விடும்.

என்ஜின் விளக்கு மஞ்சளாக நிலையாக எரிந்தால் ஓட்டிச் சென்று காட்டலாம். மினுக்கினால் சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது. தொடர்ந்து ஓட்டினால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வெந்து நாசமாகும். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் "அடுத்த வளைவு வரை" என்ற பேச்சே வேண்டாம், அங்கேயே ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள்.

எல்லாப் பழியும் பேட்டரி மேல்தான் விழுகிறது என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். வோல்ட் அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12 வோல்ட்டோ அதற்குக் கீழோ என்றால் காலி. என்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வரை காட்டினால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. புதுக் கார்கள் சிலவற்றில் இது ஏறி இறங்கும், பயப்பட வேண்டாம். பேட்டரி நன்றாக இருந்தும் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றினால், பேட்டரியின் மைனஸ் முனையைக் காரின் உலோகத்தோடு இணைக்கும் எர்த் கேபிளைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும், மறுமுனையை என்ஜின் உலோகத்திலும் வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அரை வோல்ட்டைத் தாண்டினால் கேபிளிலோ, துருப்பிடித்த அதன் முனையிலோ கோளாறு இருக்கிறது. இதைப் பார்க்காமலே பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் மாற்றியவர்கள் ஏராளம்.

சூடேறுகிற கோளாறு வேறு ரகம், அதில் பொறுமை காட்டக் கூடாது. வெப்பமானி முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுவதும் திறந்துவிட்டு, ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும். தரையில் கசிவே இல்லாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால், என்ஜினின் மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள காரானால், கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் அல்லது வருடம், எது முந்துகிறதோ அப்போதே மாற்றிவிடுங்கள்; பல என்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே போய்விடும், முன்னறிவிப்பும் இருக்காது.

இனி விற்பதைப் பற்றி. "இந்த மாடல் நம்பகமானது" என்ற பேச்சுக்கு வாங்கும்போது மதிப்பு உண்டு. வாங்கி ஏழு வருடம் ஆன பிறகு உங்கள் ஒரு காரின் கதைதான் பேசும். அந்த வயதில் ரப்பர் குழாய்களும் சென்சார்களும் பேட்டரியும் போவது தேய்மானம். அதை வைத்துக் காரின் குணத்தை எடைபோட வேண்டியதில்லை. நான் பயப்படுவது மூன்றுக்கு: வெள்ளத்தில் மூழ்கி எழுந்த கார், அடிச்சட்டத்தில் துரு ஏறிய கார், கியர்பாக்ஸும் என்ஜினும் ஒரே நேரத்தில் கைவிரிக்கிற கார். இவற்றை விட்டுவிடுவது நல்லது. மற்றபடி பழுதுச் செலவைக் காரின் விற்பனை விலையோடு ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை. அதே பணத்தில் வேறொரு காரை எத்தனை மாதம் ஓட்ட முடியும் என்பதோடு ஒப்பிடுங்கள். ஏற்கெனவே செலவழித்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது போனது போனதுதான். வீட்டில் நோயாளி இருந்தாலோ, இரவு வேலைக்குத் தனியாகப் போகிறவர் ஓட்டினாலோ மட்டும் கணக்கு மாறும். அப்போது சந்தேகம் தீராத காரை வைத்திருக்காதீர்கள்.

உங்கள் காரில் கிராங்க் சென்சார்தான் காரணம் என்று சோதனையில் உறுதியானால் விற்கும் பேச்சே எழாது. பல கார்களில் அது ஒற்றைப் போல்ட்டில் நிற்கிற சின்னப் பாகம்; கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மாற்றிவிடுவார்கள்.