மாத்திரை மாற்றியும் மனச்சோர்வு பாதிதான் கேட்கிறது: ஏன்?

கேள்வி: மகளுக்கு 24 வயது. பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு (உணர்ச்சியும் உறவும் சட்டென்று தலைகீழாகும் மனநோய்), கூடவே மனச்சோர்வு என்கிறார்கள். இரண்டு வருடத்தில் மூன்று மாத்திரை மாற்றியாகிவிட்டது, பாதிதான் கேட்கிறது. ஆயுசுக்கும் இப்படித்தானா?

பதில்: இல்லை. அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் மேரி ஸானரீனி என்ற ஆய்வாளரின் குழு, உள்நோயாளிகளாகச் சேர்ந்திருந்த 290 பார்டர்லைன் நோயாளிகளை 1992 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்து வந்தது. லேசான கேஸ்கள் அல்ல, கவனியுங்கள். 10 ஆண்டுக்குள் 93 சதவீதம் பேருக்கு, குறைந்தது இரண்டு ஆண்டு தொடர்ந்து, நோய் என்று சொல்லும் அளவுக்கு அறிகுறிகள் இல்லை. ஆனால் வேலை, உறவு எல்லாம் சேர்ந்து நிமிர்ந்தவர்கள் பாதிப் பேர்தான். சறுக்கியது பெரும்பாலும் வேலையில். அதனால் "குணமாகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று படிப்பையோ வேலையையோ நிறுத்த வேண்டாம். தினமும் மூன்று மணி நேர வேலையானாலும் போகட்டும்.

தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும் தற்கொலை முயற்சியும்தான் முதலில் தணியும். வெறுமை, கோபம், 'விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ' என்ற பயம் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதைப் பார்த்துச் சிகிச்சையே பலிக்கவில்லை என்று வீட்டார் நினைத்துவிடுகிறார்கள்.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். ஆளுமைக் கோளாறு தணிந்தால் பெரும்பாலும் மனச்சோர்வும் பின்னாலேயே தணிகிறது. மனச்சோர்வுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் ஆளுமைக் கோளாறு அவ்வளவாக அசைவதில்லை. நான்காவது மாத்திரையைவிட, டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்கிற பேச்சுவழிச் சிகிச்சைக்கு வழி தேடுவதே முக்கியம். வாரம் ஒரு தனி அமர்வு, உணர்ச்சியைக் கையாளப் பழகும் ஒரு பயிற்சிக் குழு, சுமார் ஓராண்டு: இதுதான் அதன் அடிப்படை வடிவம். "டி.பி.டி. செய்வோம்" என்பவர்களிடம் குழு இருக்கிறதா, நெருக்கடியில் போனில் பேச முடியுமா என்று கேளுங்கள். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் பேசுவது டி.பி.டி. ஆகாது. ஓடுகிற மாத்திரையைத் திடீரென நிறுத்தவும் கூடாது.

குடி, போதைப் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கூட வரும் நோய்களில் குணமாவதை அதிகம் தள்ளிப்போடுவது அதுதான். தூக்கத்துக்கென்று ஆல்பிரசோலம் என்ற பதற்றம் குறைக்கும் மாத்திரை மாதக்கணக்கில் ஓடினால் மருத்துவரிடம் கேளுங்கள். சிலருக்கு அது தன்னைக் கட்டுப்படுத்தும் திறனையே தளர்த்திவிடும்.

இன்னொன்று, இருமுனைக் கோளாறோ (சோர்வும் மிதமிஞ்சிய உற்சாகமும் நாள்கணக்கில் மாறி மாறி வரும் நோய்) என்ற சந்தேகம். ஒரு நோட்டில் காலை, மதியம், இரவு மனநிலைக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண், தூங்கிய மணி, அன்று நடந்த சண்டை சச்சரவு என ஆறு வாரம் எழுதுங்கள். ஒரு போன் பேச்சுக்குப் பின் 7-லிருந்து 2-க்கு விழுந்து, இரவுக்குள் ஏறினால் பார்டர்லைன் பக்கம். நாலைந்து நாள் தொடர்ந்து, தூக்கம் குறைந்தும் களைப்பே இல்லாமல் பரபரப்பாக இருந்தால் மருத்துவர் அதைப் பார்த்தாக வேண்டும்.

மாத்திரை அட்டைகளைப் பூட்டி வையுங்கள். ஒரு வாரத்துக்கு வேண்டியதற்கு மேல் மகள் கையில் இருக்க வேண்டாம். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ல் இரவு பகலாகத் தமிழிலும் பேசலாம்.