சீன நிறுவனத் தலைமை: கேள்வி பதில்

கேள்வி: மேற்கத்திய கம்பெனிகள் சீனத் தலைமையிடம் கற்க வேண்டியது என்ன?

பதில்: வீட்டு உபயோகப் பொருட்கள் தயாரிக்கும் சீன நிறுவனமான ஹையரைப் பாருங்கள். 1984-இல் சிங்தாவ் நகரில் கடனில் மூழ்கிக்கிடந்த ஃபிரிட்ஜ் தொழிற்சாலைக்கு சாங் ருய்மின் பொறுப்பேற்றார். பட்டறைக்குள் சிறுநீர் கழிக்கக் கூடாது என்பது அவர் போட்ட விதிகளில் ஒன்று! மறுவருடம் பழுதான 76 ஃபிரிட்ஜ்களைத் தொழிலாளர்களைக் கொண்டே சம்மட்டியால் உடைக்க வைத்தார். எல்லா மேடையிலும் இந்தக் கதைதான் ஓடுகிறது. எனக்குப் பெரிதாகப் படுவது 2005-க்குப் பிறகு வந்த மாற்றம். கம்பெனியைப் பத்துப் பதினைந்து பேர் கொண்ட அணிகளாகப் பிரித்தார்கள். ஆளெடுப்பு, சம்பளப் பங்கீடு, எதைத் தயாரிப்பது என்ற முடிவு எல்லாம் அணியின் கையில். பொருள் வாடிக்கையாளரிடம் போனால்தான் வருமானம். சம்மட்டியை மட்டும் காப்பியடிக்காதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் எடுபடுமா?

பதில்: எடுபட்டது. 2016-இல் அமெரிக்க வீட்டு உபயோகப் பொருள் கம்பெனியான ஜிஇ அப்ளையன்ஸஸை ஹையர் வாங்கியபோது, அதன் தலைமையகம் இருக்கும் லூயிவில்லுக்குச் சீன மேலாளர் படையை அனுப்பவில்லை. அங்கிருந்தவர்களே பொருள்வாரியாகப் பிரிந்து தனித்தனி லாப நட்டம் பார்த்தார்கள்.

கேள்வி: சீனாவின் 996 வேலைமுறை?

பதில்: காலை 9 முதல் இரவு 9, வாரம் ஆறு நாள். 2021-இல் சீன உச்ச நீதிமன்றமே சட்டவிரோதம் என்றுவிட்டது. அடுத்தது.

கேள்வி: ஹையரில் 10,000-க்கும் மேற்பட்ட நடுமட்ட மேலாளர்களின் பதவி போனதே?

பதில்: போனது. அணி தொடங்கு, இல்லையென்றால் கிளம்பு என்றார்கள். ஐம்பது வயதுவரை கோப்பு நகர்த்தியவரிடம் அப்படிச் சொல்வது கொடுமைதான். ஆனால் வழக்கமான ஆட்குறைப்பில் வேலை போகும், அதிகாரம் மாடியிலேயே இருக்கும். இங்கே அதிகாரமும் கீழே இறங்கியது.

கேள்வி (அதே நபர்): கடிவாளம் சாங்கிடம்தானே இருந்தது?

பதில்: ஆமாம், 2021 வரை அவர்தான் உச்சியில். அந்த நீண்ட காலம் இல்லாமல் இது நடந்திருக்காது. காலாண்டுக் கணக்குக்கு நடுங்கும் தலைவர் இதில் கைவைக்கவே மாட்டார். உங்கள் வாதம் என்னுடையதற்குத்தான் பலம் சேர்க்கிறது.

கேள்வி: வாரம் ஆறு நாள் வேலை வைத்தால்?

பதில்: 996 பற்றி முன்னால் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி: பழுதான பொருளை எல்லார் முன்னாலும் உடைக்கலாமா?

பதில்: பழுதைக் கண்டால் உற்பத்தி லைனை நிறுத்தும் அதிகாரம் தொழிலாளிக்கு உண்டா? இல்லையென்றால் சம்மட்டியைத் தொடாதீர்கள்.

கேள்வி: சீனத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஹுவாவேயின் சுழற்சித் தலைமை?

பதில்: ஆறு மாதத்துக்கு ஒருவர் தலைவர், ஆனால் நிறுவனர் ரென் சங்ஃபெய்க்குத் தடுப்பதிகாரம் உண்டு. அதையும் சேர்த்துப் படியுங்கள்.