வயிற்றுக்கும் ஈசிஜி உண்டா?

கேள்வி: எனக்கு வயது 48. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு கல்லாகிவிடுகிறது, மாலைவரை ஏப்பம். எண்டோஸ்கோபியில் கோளாறு எதுவும் இல்லையாம். இதயத்துக்கு ஈசிஜி எடுப்பதுபோல் வயிற்றுக்கும் குடலுக்கும் எடுக்க முடியாதா?

பதில்: எடுக்கலாம். 1921-லேயே எடுத்திருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் வால்டர் ஆல்வாரெஸ் என்ற மருத்துவர், மெலிந்த ஒரு மூதாட்டியின் வயிற்றில் மின்முனைகளை வைத்தார். இரைப்பை நெளிவது தோலுக்கு மேலேயே தெரியும் அளவுக்கு மெலிவு. கண்ணால் எண்ணினாலும் கருவியில் பார்த்தாலும் கணக்கு ஒன்றுதான்: நிமிடத்துக்கு மூன்று அலை.

இந்தத் தாளத்தைப் போடுபவை தசைகளுக்கிடையே வலைபோல் படர்ந்திருக்கும் கஹால் செல்கள். சிறுகுடலின் தொடக்கத்தில் நிமிடத்துக்குச் சுமார் 12 அலை, கடைசியில் 8. குடலைத் துண்டு துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் தன் வேகத்தில் தனியாகத் துடிக்கும். சேர்ந்திருக்கும்போது பக்கத்துப் பகுதிகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால், வேகம் படிப்படியாக இறங்குகிறது. ஒன்றோடொன்று பிணைத்த ஊசல்களாகக் குடலைக் கணினியில் அமைத்துப் பார்த்தாலும் அதே படிகள் வருகின்றன. எனக்கு இன்றும் அலுக்காத விஷயம் இது.

ஆனால் உங்களுக்கு இந்தப் பரிசோதனையை நான் எழுதித்தர மாட்டேன். தோலுக்கு வந்து சேரும் வயிற்று அலை, ஈசிஜி அலையைவிடப் பல மடங்கு சிறியது. தொப்பை இருந்தால் இன்னும் மங்கும். சிறுகுடலின் 12-ஐத் தேடினால் அங்கே மூச்சின் வேகமும் வந்து கலந்துகொள்ளும். போதாக்குறைக்கு, அலை வந்தாலே தசை சுருங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. அலையின் மேல் கூர்மையான மின்துடிப்புகளும் எழ வேண்டும்.

நீண்ட காலச் சர்க்கரை நோயில் கஹால் செல்கள் குறைவதுண்டு. மூளையிலிருந்து வயிற்றுக்கு வரும் வேகஸ் நரம்பும் பழுதாகலாம். அப்போது இரைப்பை காலியாவது தாமதமாகும். அதை நேரடியாகவே அளக்கலாம். டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளைத் துளி கலந்த உணவைக் கொடுத்து, அந்தக் கதிர்களைப் பிடிக்கும் காமா கேமராவில் நான்கு மணி நேரம்வரை படமெடுப்பார்கள். நம் பக்கத்தில் சில இடங்களில் அந்த உணவு இட்லியேதான்!

சர்க்கரை மிகவும் ஏறியிருக்கும்போது இரைப்பை தானாகவே மந்தமாகும். ஆகவே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு இந்தக் காமா கேமரா பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். சர்க்கரைக்காக செமாகுளுடைடு, லிராகுளுடைடு போன்ற மருந்து எடுக்கிறீர்களா? அவையும் இரைப்பையை மெதுவாக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; மருந்துச் சீட்டோடு மருத்துவரிடம் கேளுங்கள். வாந்தி, எடை குறைதல், கறுத்த மலம் இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள்.