கிளட்ச் மாற்றிய பின் பெடல் தளர்ந்திருந்தால் யார் பணம் கொடுப்பது?

கேள்வி: என் காரில் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் அண்மையில் புதிதாகப் போட்டேன். வண்டி கைக்கு வந்த நாளிலிருந்தே பெடல் பாதி தூரம் வரை பிடிமானமே இல்லாமல் இறங்குகிறது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம் வருகிறது. பெடலை இரண்டு மூன்று தடவை அடுத்தடுத்து மிதித்துவிட்டுப் போட்டால் சத்தமில்லாமல் விழுகிறது. "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று பணிமனையில் முதலில் சொன்னார்கள். இப்போது மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது, அதைத் தனியாக வாங்கிப் போட வேண்டும் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: இப்போதைக்குச் சம்மதிக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள், ஹைட்ராலிக் குழாயில் (பெடலின் அழுத்தத்தை ஆயில் மூலம் கிளட்சுக்குக் கொண்டுபோகும் குழாய்) காற்று தங்கியிருப்பதைத்தான் முதலில் சுட்டுகின்றன. பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஆயில், கீழே கியர்பாக்ஸ் பக்கமுள்ள ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனை நகர்த்தி, ரிலீஸ் பேரிங்கை பிரஷர் பிளேட்டின் மேல் அழுத்துகிறது. ஆயில் சுருங்காது, காற்று சுருங்கும். எனவே குழாயில் காற்றுக் குமிழி இருந்தால், பெடல் நகரும் தூரத்தின் ஒரு பகுதி அந்தக் குமிழியை நெரிப்பதிலேயே செலவாகிவிடும். பிளேட் முழுதாக விடுபடாது, கியர் உரசும். புதிய பிளேட்டின் மேற்பரப்பு படிவதற்குச் சிறிது ஓட்டம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் பெடலின் தளர்வுக்கும் அதற்கும் தொடர்பில்லை. குழாயில் சிக்கிய காற்று ஓட்டத்தால் வெளியேறிவிடும் என்று நம்பிக் காத்திருப்பதில் பொருளில்லை. அதற்குள் கியர்பாக்ஸின் பற்கள்தான் தேயும்.

காற்று எப்படிப் புகுந்தது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; யார் பொறுப்பு என்பது அதில்தான் இருக்கிறது. ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே பொருத்தப்பட்ட வண்டிகளில், பல நேரங்களில் குழாயைக் கழற்றாமலே அதை ஓரமாகக் கட்டிவைத்துவிட்டு கியர்பாக்ஸை இறக்கிவிடலாம். அந்த நிலையில் யாராவது பெடலை மிதித்துவிட்டால் பிஸ்டன் வெளியே துள்ளிவிடும், ஆயில் கொட்டும், காற்று புகும். கியர்பாக்ஸுக்கு உள்ளேயே, தண்டைச் சுற்றி வளையமாக ஸ்லேவ் அமைந்த வண்டிகளிலோ குழாயைக் கழற்றாமல் வேலையே நடக்காது. எந்த வகையாக இருந்தாலும் காற்றை எடுத்து, பெடலைச் சரியான நிலையில் ஒப்படைப்பது கிளட்ச் மாற்றும் வேலையின் ஒரு பகுதியே. அதற்குத் தனிக் கூலி கேட்பது நியாயமில்லை.

முடிந்தால் அந்த வேலை நடக்கும்போது அருகில் நில்லுங்கள். ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் (காற்றை வெளியேற்றத் திறந்து மூடும் சிறு முனை) நிறமற்ற ஒரு சிறு குழாயைச் செருகி, அதன் மறுமுனையைச் சிறிது ஆயில் உள்ள பாட்டிலில் அமிழ்த்தி வைப்பார்கள். உள்ளே ஒருவர் பெடலை மெதுவாக அழுத்த, கீழே இருப்பவர் நிப்பிளைத் திறந்து, பெடல் தரையைத் தொட்டதும் மூடுவார். மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். இந்த வரிசை ஒருமுறை தவறினாலும் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே இழுக்கப்படும். காற்று மிகுதியாக இருக்கும்போது பெடல் தானாக எழும்பாமல் தரையிலேயே படுத்துக்கொள்ளும், கையால் தூக்கிவிட வேண்டியிருக்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். குழாயில் முதலில் கறுத்த ஆயிலும் பொடிக் குமிழிகளும், பிறகு இடைவெளிவிட்டு ஒன்றிரண்டு பெரிய குமிழிகளும், கடைசியில் தெளிந்த ஆயில் மட்டும் வரும். இதற்கிடையே மேலே உள்ள ஆயில் கிண்ணம் வற்றிவிட்டால் வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். குழாய் மேடு பள்ளமாக வளைந்து செல்லும் வண்டிகளில் குமிழி மேட்டிலேயே நின்றுகொண்டு அடம்பிடிக்கும். அங்கே கீழிருந்து மேலாக, ஸ்லேவ் பக்கத்திலிருந்து சிரிஞ்சால் ஆயிலைச் செலுத்துவது பெரும்பாலும் பலன் தரும். மாஸ்டர் சிலிண்டரைக் குறை சொல்வதற்கு முன் இதையும் செய்து பார்த்திருக்க வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டர் உண்மையிலேயே கெட்டிருக்கவும் கூடும் என்பதை மறுக்கவில்லை. அதன் உள் ரப்பர் தேய்ந்தாலும் அடுத்தடுத்து மிதிக்கையில் பெடல் சற்று எழும்பத்தான் செய்யும். இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. காற்றை முழுதாக எடுத்த பிறகு, முன்னால் யாரும் இல்லாத சமதளத்தில் எஞ்சினை ஓடவிட்டு, பெடலை முழுதாக மிதித்து முதல் கியரைப் போட்டுக் காலை அசைக்காமல் வைத்திருங்கள். மற்றொரு கால் பிரேக் அருகில் இருக்கட்டும். சற்று நேரத்தில் வண்டி தானாக நகரப் பார்த்தால், வெளியே எங்கும் கசிவும் இல்லை என்றால், மாஸ்டரின் உள் ரப்பரைத் தாண்டி ஆயில் நழுவுகிறது என்று கொள்ளலாம். பெடலுக்குப் பின்னால், பெடலை மாஸ்டரின் பிஸ்டனோடு இணைக்கும் தள்ளுதண்டு உள்ளே நுழையும் இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தாலும் மாஸ்டரை மாற்றத்தான் வேண்டும். அந்தச் செலவு உங்களுடையது, ஏனெனில் அது பழைய உறுப்பு.

ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பார்க்கவும் மறவாதீர்கள். பிளேட் தேயத் தேய ஸ்லேவின் பிஸ்டன் இருக்கும் இடமும் நகர்ந்துகொண்டே வரும். புதிய பிளேட் போட்டதும் அது சிலிண்டருக்குள் நெடுநாள் உராயாத பகுதிக்குத் திரும்புகிறது. அங்கே துரு படிந்திருந்தால் ரப்பர் கிழிந்து, நன்றாக இருந்த ஸ்லேவ் கிளட்ச் மாற்றிய சில நாளில் கசியத் தொடங்கும். இதை ஏமாற்று வேலை என்று கருத வேண்டியதில்லை. உள்ளே அமைந்த வளைய வகை ஸ்லேவ் என்றால் மட்டும் கதை வேறு: அதை மாற்ற மறுபடி கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்பதால், கிளட்ச் மாற்றும்போதே அதையும் மாற்றிவிடுவதுதான் அறிவுடைமை, அந்த யோசனையை உங்களிடம் முன்கூட்டியே சொன்னார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

காற்றும் இல்லை, கசிவும் இல்லை, ஸ்லேவின் தண்டு கையேட்டில் சொன்ன தூரம் நகர்கிறது, ஆனாலும் கியர் உரசுகிறது என்றால், பிளேட் திருப்பிப் போடப்பட்டிருக்கலாம். அல்லது கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் பாரம் பிளேட்டின் நடுவில் தொங்கி அது வளைந்திருக்கலாம். இவை இரண்டுமே பொருத்தியவர்களின் தவறு. பிரித்துப் பூட்டும் கூலியையும் வளைந்த பிளேட்டின் விலையையும் அவர்களே ஏற்க வேண்டும். பில்லில் பொருள்களின் விலையும் கூலியும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தால் இந்தப் பேச்சு எளிதாக முடியும்.

கேள்வி: பெடல் மிகவும் கீழே பிடிக்கிறது என்று சொன்னதற்கு, அட்ஜஸ்ட் செய்து மேலே தூக்கித் தருகிறோம் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: ஆயிலுக்குப் பதில் கம்பியால் இயங்கும் கேபிள் கிளட்சுக்குப் பொருந்தும் வைத்தியம் இது. ஹைட்ராலிக் கிளட்ச் பிளேட்டின் தேய்மானத்துக்கு ஏற்பத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். அதில் மாற்றக்கூடியது, சில வண்டிகளில் மட்டும், பெடலின் உயரமும் தள்ளுதண்டின் நீளமும்தான். தண்டுக்கும் மாஸ்டரின் பிஸ்டனுக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி இருந்தாக வேண்டும். பெடலை உயர்த்துவதற்காக அந்த இடைவெளியை அடைத்துவிட்டால், காலை எடுத்த பிறகும் ஆயில் கிண்ணத்துக்குத் திரும்பும் துளை மூடியே கிடக்கும். எஞ்சின் சூட்டில் விரியும் ஆயில் கிளட்சை அரைகுறையாக அழுத்திக்கொண்டிருக்க, பிளேட் வழுக்கிக் கருகும். பெடல் முழுதாக மேலே நிற்கும்போது விரலால் அழுத்தினால் தொடக்கத்தில் சில மில்லிமீட்டர் லேசான ஆட்டம் தெரிய வேண்டும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். அந்த ஆட்டம் சரியாக இருந்தும் பெடல் கீழே பிடித்தால் தண்டைத் தொட விடாதீர்கள், காற்றை எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இதற்கு எந்த ஆயில் வாங்குவது? வீட்டில் பாதி பாட்டில் மீந்திருக்கிறது.

பதில்: கிண்ணத்தின் மூடியில் எழுதியிருப்பதை வாங்குங்கள்; பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4 என்றிருக்கும், இவை பிரேக் ஆயிலின் தர வகைகள். டாட் 5 என்பது சிலிக்கான் வகை, இவற்றோடு கலக்கக் கூடாது. சில வண்டிகளுக்குக் கனிம எண்ணெய் வகை வேண்டும். அங்கே பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர்கள் உப்பிக் கெட்டுவிடும். திறந்து வைத்த பாட்டில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 155 டிகிரிதான். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே கிண்ணம் என்பதால், மீந்ததை ஊற்றி மிச்சம் பிடிக்க வேண்டாம். முத்திரை உடையாத சிறிய பாட்டிலாக வாங்கி, உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடவும்.