உள்ளரங்க ஆட்டத்துக்கு எந்த லென்ஸ்?

கேள்வி: என் மகள் பள்ளி அணியில் வாலிபால் ஆடுகிறாள், இடையிடையே பேட்மின்டனும் உண்டு. எல்லாமே உள்ளரங்கில்தான். என்னிடம் ஒரு க்ராப் சென்சார் கேமரா (சென்சார் சிறியதாக உள்ள வகை), அதோடு வந்த 18-55 லென்ஸ், பிறகு வாங்கிய 55-250 ஆகியவை இருக்கின்றன. வெளியில் எடுக்கும் படங்கள் நன்றாகவே வருகின்றன. அரங்கத்துக்குள் போனால் ஒன்று படம் இருட்டாகிறது, இல்லாவிட்டால் கை கால் எல்லாம் பிளர் ஆகிவிடுகிறது. பயணத்துக்கும் வீட்டு விசேஷங்களுக்கும் சேர்த்து ஒரே லென்ஸாக வாங்க நினைக்கிறேன். நண்பர் 18-300 வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: 18-300 வேண்டாம். அது மோசமான லென்ஸ் இல்லை, பகல் வெளிச்சத்தில் பயணம் போக அதுபோல் வசதியானது குறைவு. ஆனால் உங்களுக்குத் தூரம் பிரச்சினையே இல்லை. மி.மீ. எண் கூடக்கூடத் தொலைவில் உள்ளது நெருங்கித் தெரியும், 250 மி.மீ. ஏற்கெனவே கையில் இருக்கிறதே! பற்றாக்குறை வெளிச்சத்தில்தான். அந்த விஷயத்தில் 18-300 உங்களிடம் இருப்பதைவிட ஒரு படி கீழே.

உங்கள் 18-55-இன் முன்வளையத்தைப் பாருங்கள். 1:3.5-5.6 என்றோ அதற்குப் பக்கத்திலோ ஓர் எண் இருக்கும். 18 மி.மீ.இல் எஃப்/3.5 வரை திறக்கும், 55-க்குப் போனால் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது என்று அர்த்தம். 55-250-உம் நீள முனையில் எஃப்/5.6-தான். 18-300 வகை லென்ஸ்கள் பெரும்பாலும் எஃப்/6.3-இல் போய் நிற்கும். இந்த எஃப் எண் சிறிதாகச் சிறிதாகத் திறப்பு (அப்பர்ச்சர்) பெரிதாகும், வெளிச்சம் கூடும். 5.6-இலிருந்து 2.8-க்கு வந்தால் நான்கு மடங்கு வெளிச்சம். 1.8-க்கு வந்தால் ஏறக்குறைய பத்து மடங்கு.

பத்து மடங்கு என்றால் படத்தில் என்ன தெரியும்? சுமாரான விளக்குகள் உள்ள ஓர் அரங்கத்தை எடுத்துக்கொள்வோம். நம் கண் பழகிக்கொள்வதால் உள்ளே வெளிச்சமாகத்தான் தோன்றும். உண்மையில் அது வெயிலில் இருப்பதில் இருநூறில் ஒரு பங்குகூட இருக்காது. அங்கே எஃப்/2.8, ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) 1/500 வினாடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 3200 வைத்தால் படம் சரியான வெளிச்சத்தில் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே படத்தை எஃப்/5.6-இல் எடுக்க ஐஎஸ்ஓ 12,800 வேண்டும். பந்தை அடிக்கும் கையை உறையவைக்க 1/1000 வேண்டும் என்றால் 25,600. எஃப்/1.8 லென்ஸில் அந்த 1/1000-க்கு ஐஎஸ்ஓ 2,500 அளவு போதும். 25,600-இல் முகத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் ஏறி, கண் இமை எது, நிழல் எது என்றே பிரியாது. 2,500-இல் பெரிதாக அச்சடித்து மாட்டலாம்.

கேமராவை ஆட்டோவில் விட்டால் அது ஐஎஸ்ஓவை அவ்வளவு தூரம் ஏற்றத் தயங்கி, ஷட்டரை 1/60, 1/80 என்று இறக்கிவிடும். நீங்கள் பார்க்கும் பிளர் அங்கிருந்துதான் வருகிறது. லென்ஸில் ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று கேட்கலாம். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். குதிப்பவரை நிறுத்திவைக்க அதனால் முடியாது. பின்சுவர் கத்தி போல் ஷார்ப்பாக இருக்கும், உங்கள் மகள் மட்டும் கரைந்து போயிருப்பாள்.

அதனால் முதலில் அப்பர்ச்சரைப் பாருங்கள், எத்தனை மி.மீ. என்பது அப்புறம். அந்த இரண்டாவது கேள்விக்கு விடை நீங்கள் எங்கே நிற்கப் போகிறீர்கள் என்பதில் இருக்கிறது.

வாலிபால் கோர்ட் 18 மீட்டர் நீளம், நடுவில் வலை. கடைசிக் கோட்டுக்கு மூன்று மீட்டர் பின்னால், மூலையில் நின்றால் வலை உங்களுக்கு 12 மீட்டர் தூரத்தில் இருக்கும். க்ராப் கேமராவில் 85 மி.மீ. லென்ஸை மாட்டி, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால், அந்தத் தூரத்தில் சட்டத்துக்குள் அடங்கும் உயரம் மூன்றே கால் மீட்டர் அளவு. பெண்கள் வலையின் மேல்விளிம்பு 2.24 மீட்டர். எம்பி அடிக்கும் பெண், அவள் கை, வலைக்கு மேலே பந்து, கீழே தரையை விட்டு எழும்பிய ஷூ என எல்லாம் இடம்பிடிக்கும், வீணாகக் கூரையும் வராது. வாலிபாலுக்கு 85 இவ்வளவு பொருந்துவது எனக்கே இன்னும் வியப்புதான்.

பேட்மின்டன் கோர்ட் சிறியது, 13.4 மீட்டர். பின்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தால் உங்கள் பக்கம் ஆடுபவர் மூன்று, நான்கு மீட்டரில் இருப்பார். 85-இல் முதுகும் தோளும் மட்டும்தான் கிடைக்கும். அதனாலென்ன? எதிர்ப்பக்கம் இருப்பவரின் முகம் அல்லவா நமக்கு வேண்டும்? அவர் ஏறக்குறைய பத்து மீட்டர் தூரத்தில் இருப்பார், 85-க்கு அருமையான தூரம். ஒவ்வொரு கேம் முடிந்ததும் பக்கம் மாறுவார்கள், ஆகவே நீங்கள் எழுந்து ஓட வேண்டியதில்லை. மகள் எதிரே வந்ததும் எடுங்கள். பக்கவாட்டில் நின்று எடுப்பதுதான் உங்கள் பழக்கம் என்றால் 50 மி.மீ. வசதி.

மேலே காலரியில் இருந்துதான் எடுக்க முடியும், இருபது மீட்டர் தள்ளி என்றால் 85 போதாது. படத்தைப் பாதியாக வெட்ட வேண்டிவரும். 24 மெகாபிக்சல் கேமராவில் வெட்டினாலும் போனில் பார்க்க, சிறிய அச்சுக்குத் தாங்கும். ஆனால் எப்போதும் அப்படித்தான் என்றால் 135 எஃப்/2 அல்லது 70-200 எஃப்/2.8 பக்கம் போக வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள், செலவே இல்லாதது. உங்கள் 55-250-இன் ஜூம் வளையத்தை 70-க்கும் 100-க்கும் நடுவில், ஏறக்குறைய 85-இல் வைத்து, நகராமல் இருக்க ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ஐஎஸ்ஓவை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொண்டு, படத்தின் தரத்தைப் பற்றிக் கவலைப்படாமல், ஓர் ஆட்டம் முழுக்க எடுங்கள். வீட்டுக்கு வந்து பாருங்கள்: கை வெட்டுப்பட்ட படங்கள் அதிகமா, சுற்றிலும் காலி இடம் விழுந்தவை அதிகமா? அடுத்த ஆட்டத்தில் 18-55-ஐ 50-இல் வைத்து இதையே செய்யுங்கள். எந்த விமர்சனத்தைப் படித்தாலும் உங்கள் அரங்கம் அதில் இருக்காது, இந்தப் படங்களில் இருக்கும்.

என் பரிந்துரை 85 எஃப்/1.8. கேனானின் இஎஃப் 85 எஃப்/1.8 வந்தது 1992-இல். இன்றும் அதன் ஃபோகஸ் சட்டென்று பிடிக்கிறது, பழையதாகவும் நிறையக் கிடைக்கிறது. நிக்கானில் ஏஎஃப்-எஸ் 85 எஃப்/1.8ஜி, சோனியில் எஃப்இ 85 எஃப்/1.8. எல்லாமே கழுத்தில் தொங்கினால் தெரியாத எடைதான். 1.8 நல்லது என்றால் 1.4, 1.2 இன்னும் நல்லதுதானே என்று போகாதீர்கள். கேனானின் இஎஃப் 85 எஃப்/1.2 போன்றவை உருவப்படத்துக்குப் பெயர்போனவை. உள்ளே கனமான கண்ணாடிகளை நகர்த்த வேண்டியிருப்பதால் ஃபோகஸ் நிதானமாக வரும், அதற்குள் பாயின்ட் முடிந்திருக்கும். கேனான் மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமரா) வைத்திருந்தால் இன்னொன்று: ஆர்எஃப் 85 எஃப்/2 மேக்ரோ நல்ல லென்ஸ், ஆனால் ஆட்டத்துக்கு மெதுவானது. பழைய இஎஃப் 85-ஐ அடாப்டரில் மாட்டுவது மேல். நிக்கானில் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இல்லாத பழைய 85 எஃப்/1.8டி-யை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டிவரும்.

எஃப்/1.8-இல் ஃபோகஸ் ஆழம், அதாவது முன்னும் பின்னும் ஷார்ப்பாக விழும் பகுதி, மெல்லியதாயிற்றே, பாதிப் படங்கள் தப்பிவிடாதா என்று பலர் பயப்படுகிறார்கள். ஐந்து மீட்டரில் 85 மி.மீ.க்கு ஆழம் கால் மீட்டர்தான், உண்மை. 12 மீட்டரில் அது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் ஆகிவிடும், ஒரு ஆளுக்குத் தாராளம். தொல்லை கொடுப்பது வாலிபால் வலைதான். கேமரா ஆளை விட்டுவிட்டு வலையின் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். வலைக்கு இந்தப் பக்கம் ஆடுபவரை எடுப்பது, இல்லாவிட்டால் ஆள் எம்புவதற்கு முன்பே ஃபோகஸ் பிடித்து விடாமல் தொடர்வது என இரண்டு வழிதான்.

இனி பொதுப் படங்கள். பயணத்துக்கு உங்கள் 18-55 போதும், அதை விற்க வேண்டாம். எஃப்/8-இல் மலையும் கோபுரமும் எடுக்கும்போது அதற்கும் விலை உயர்ந்த லென்ஸுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். வீட்டு விசேஷத்தில் தனி ஆள் படங்களுக்கு 85 பிரமாதம், ஆனால் சிறிய அறையில் குடும்பமே ஒன்றாக நிற்கும்போது அது உதவாது. சுவரில் முதுகு முட்டும்வரை பின்னால் போனாலும் நான்கு தலைக்கு மேல் அடங்காது.

ஒரே லென்ஸ் என்பதில் நீங்கள் பிடிவாதமாக இருந்தால் பார்க்க வேண்டியது எஃப்/2.8 நிலையாக உள்ள சிறிய ஜூம். மிரர்லெஸ் கேமராக்களுக்கு டாம்ரான் 17-70 எஃப்/2.8, சிக்மா 18-50 எஃப்/2.8 உண்டு. சிக்மாவின் எடை 300 கிராம்கூட இல்லை. டிஎஸ்எல்ஆர் (அந்தக் கண்ணாடி உள்ள கேமரா) என்றால் 17-50 எஃப்/2.8 வகையில் பழையவை கிடைக்கும். பயணம், விசேஷம் இரண்டுக்கும் இவை உங்கள் 18-55-ஐ ஓய்வுக்கு அனுப்பிவிடும். கோர்ட்டை ஒட்டி நிற்க அனுமதி கிடைத்தால் ஆட்டத்தையும் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் அரங்கம் இருட்டாக இருந்தால் 2.8-க்கும் 1.8-க்கும் இடையிலுள்ள இரண்டரை மடங்கு வித்தியாசம் ஒவ்வொரு படத்திலும் தெரியும். என்னைக் கேட்டால், இந்தப் பணத்தை 85-இல் போட்டு, மிச்சத்தை வைத்துக்கொள்வேன். கை இறுக்கமாக இருந்தால் 50 எஃப்/1.8 எந்தக் கம்பெனியிலும் மலிவு லென்ஸ்களில் ஒன்று. அதில் தொடங்கலாம்.

70-200 எஃப்/2.8 பற்றியும் கேட்பீர்கள். உள்ளரங்க ஆட்டம் எடுப்பவர்கள் அதிகம் தூக்குவது அதுதான், காரணமில்லாமல் இல்லை. பெரும்பாலானவை ஒன்று முதல் ஒன்றரை கிலோ வரை எடை. பழையது வாங்குவதாக இருந்தால் ஸ்டெபிலைசர் இல்லாத மாடலை ஒதுக்காதீர்கள், 1/800-இல் எடுக்கும்போது அதற்கு வேலை அதிகம் இல்லை. டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எஃப்/2.8-இல், 200 மி.மீ.இல் சில படங்கள் எடுத்து, ஃபோகஸ் வைத்த இடத்தில்தான் ஷார்ப்பாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

லென்ஸ் வந்ததும் கேமராவை மேனுவலுக்கு மாற்றுங்கள். ஷட்டர் 1/800, அப்பர்ச்சர் முழுத் திறப்பு, ஐஎஸ்ஓ ஆட்டோ. தொடர் ஃபோகஸ், தொடர் படம் இரண்டும் ஆன். இருட்டாக எடுத்துவிட்டு வீட்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், எடுக்கும்போதே ஐஎஸ்ஓவைக் கூட்டுவதைவிட அதில்தான் நாய்ஸ் அதிகமாகக் குத்தும். ஃப்ளாஷ் வேண்டாம், ஆடுபவர் கண்ணில் அடிக்கும். வரிசையாக எடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் அடுத்தது மஞ்சளடித்தும் வந்தால் கேமராவில் கோளாறு என்று பதற வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுங்குகின்றன, வேகமான ஷட்டர் அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடித்துவிடுகிறது. கேனான் 7டி மார்க் 2 2014-இல் கொண்டுவந்த ஃப்ளிக்கர் தடுப்பு வசதி இன்று பல கேமராக்களில் இருக்கிறது. மெனுவில் தேடி ஆன் செய்யுங்கள், எலக்ட்ரானிக் ஷட்டரைத் தவிர்த்து மெக்கானிக்கலில் எடுங்கள்.

ஷட்டிலை உறையவைக்க வேண்டும் என்று மட்டும் மெனக்கெடாதீர்கள். 2023-இல் இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கி.மீ. என்று பதிவாகி கின்னஸ் சாதனை ஆனது. அந்த வேகத்தில் 1/1000 வினாடிக்குள் ஷட்டில் ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளின் வேகம் அதில் ஒரு பங்குதான் என்றாலும், மட்டையை விட்டுப் புறப்படும் நொடியில் அது கோடாகத்தான் விழும். மட்டை தலைக்குப் பின்னால் மடங்கி, கண்கள் மேலே பார்க்கும் அந்தக் கணத்தைப் பிடியுங்கள். ஷட்டில் அப்போது ஏறக்குறைய மிதந்துகொண்டிருக்கும், முகமும் அப்போதுதான் முழுதாகத் தெரியும்.

லென்ஸுக்குப் பதில் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கினால் என்ன என்று அடுத்து தோன்றும். சென்சார் பெரிதாவதால் கிடைப்பது ஒரு ஸ்டாப்புக்குச் சற்று அதிகம், அதாவது இரண்டு மடங்கு சொச்சம். எஃப்/5.6-ஐ விட்டு எஃப்/1.8-க்கு வருவதில் பத்து மடங்கு. புதுக் கேமராவில் பழைய எஃப்/5.6 ஜூமையே மாட்டினால் பிளர் அப்படியே தொடரும். நாளைக்கு மாறுவதாக இருந்தாலும் மேலே சொன்ன மூன்று 85-உம் ஃபுல் ஃப்ரேமுக்கும் பொருந்துபவை, 17-70, 18-50 போன்றவை க்ராப் சென்சாருக்கென்றே செய்தவை. ஃபுல் ஃப்ரேமுக்குப் போனதும் 85-இன் பார்வை அகன்றுவிடும், அதே நெருக்கம் வேண்டுமென்றால் 135 தேவைப்படும்.